மலைவழியில் ஒரு மிடறு சுக்கு நீர்

சபரிமலை யாத்திரையில் பம்பை ஒரு வாசல். நிலக்கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு, அரசுப் பேருந்தில் காட்டு வழியே வந்து இறங்கும் அடியார் கூட்டம், கார்த்திகை மாதத்து விடியற்குளிரில் திரிவேணிக் கரையில் நின்று உடல் நடுங்கச் சரணம் விளிக்கின்றது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளம் இக்கரையின் முகத்தையே மாற்றிவிட்டது. அகன்று கிடந்த மணற்பரப்பும் அங்கிருந்த இராமமூர்த்தி மண்டபமும் அவ்வெள்ளத்தோடு போயின. முப்பது, நாற்பது ஆண்டுகளாக மலையேறி வரும் குருசாமிமார் இன்றும் அவ்விடத்தில் ஒரு கணம் நின்று, ‘இங்கேதான் விரி வைத்துப் படுப்போம்’ என்று கன்னிசாமிகளுக்குக் கைநீட்டிக் காட்டுவதுண்டு.

ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈரம் உலர்த்தி, இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு கணபதி சந்நிதியை நோக்கி நடக்கும்போதுதான் முதுமக்கள் பலருக்கு ஒரு சோதனை வருகின்றது. தோட்பையில் இருக்கும் தண்ணீர்க் குப்பியை இவ்விடத்திலேயே விட்டுவிட வேண்டும். பம்பைக்கு மேலே நெகிழிக் குப்பிக்கு இடமில்லை.

தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த ஒரு முதிய தம்பதியர் அவ்விடத்தில் தயங்கி நிற்கின்றனர். அவருக்கு எழுபது கடந்துவிட்டது, அம்மையாருக்கு அறுபத்தெட்டு. வீட்டில் ‘என்னங்க’ என்று விளிப்பவர், கணவர் கழுத்தில் துளசிமணி ஏறிய நாள் முதல் ‘சாமி’ என்றே அழைக்கிறார். தாமும் மாலை அணிந்து மாளிகைப்புறமாக வந்திருக்கிறார். அவர் கையில் முத்திரை உடையாத ஒரு லிட்டர்க் குப்பி. சென்ற ஆண்டு காமாலை கண்டு மீண்டவர் அவர். வெளியில் சென்றால் மூடி திறக்காத குப்பியில்தான் நீர் பருக வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை.

காவலர் பணிவோடுதான் சொல்கிறார்: “சாமி, பாட்டில் மேலே வேண்டா. வழியெல்லாம் சுக்கு வெள்ளம் உண்டு.”

“அது யார் காய்ச்சினதோ, எப்படிக் காய்ச்சினதோ, சாமி!” என்று அம்மையார் கணவர் காதில் மட்டும் கேட்குமாறு முணுமுணுக்கிறார்.

அந்த முணுமுணுப்பைப் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. அதன் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட நினைவு இருக்கின்றது. திருவிழாவும் காலராவும் ஒன்றாய்ப் பயணம் செய்த காலம் ஒன்று உண்டு. 1867ஆம் ஆண்டு ஹரித்துவார் கும்பமேளாவிலிருந்து ஊர் திரும்பிய யாத்திரிகரோடு அந்நோய் வட இந்தியா எங்கும் பரவியது. தென்னாட்டிலும் பெருந்திருவிழா என்றால் காலரா ஊசி போடும் வழக்கம் இன்றைய மூத்தோரின் இளமைக்காலம் வரை இருந்தது. தோளில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தவர்கள் இன்னும் பலர் இருக்கின்றனர். பொது இடத்துத் தண்ணீரைக் கண்டு அஞ்சுவது அந்தத் தலைமுறைக்கு வீட்டுப் பெரியவர்கள் கற்றுத்தந்த தற்காப்பு. பின்னாளில் மூடி முத்திரையிட்ட குப்பி கடைக்கு வந்தபோது, அவர்கள் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

பம்பை நீரும் அந்த அச்சத்தைப் போக்கும் நிலையில் இல்லை. யாத்திரைக் காலத்தில் ஆற்றில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் அளவு மீறுவதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனைகள் ஆண்டுதோறும் காட்டி வந்துள்ளன. மனிதக் கழிவு நீரில் கலந்திருப்பதற்கு அந்நுண்ணுயிர்கள் அடையாளம். தீர்த்தமாடுவது வேறு, பருகுவது வேறு. ஓடைநீரைக் கையால் அள்ளிக் குடித்து மலையேறிய நாட்களைப் பழைய குருசாமிமார் ஆசையோடு நினைவுகூர்வர். அன்று ஏறியவர் தொகை வேறு. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் இணையவழி முன்பதிவுக்கு மட்டும் நாளொன்றுக்கு 70,000 பேர் என்று வரம்பு வைக்கப்பட்டது. நேரில் பதிவு செய்து வந்தோர் அதற்கும் மேல்.

இந்த எண்ணிக்கையே குப்பித் தடைக்கும் காரணம். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு குப்பியை மலைமேல் கொண்டுசென்று எறிந்தால், 41 நாள் மண்டல காலத்தில் மட்டும் 28 லட்சத்து 70 ஆயிரம் குப்பிகள் காட்டில் சேரும். அது வெறுங்காடும் அன்று. சந்நிதானத்தைச் சூழ்ந்திருப்பது பெரியாறு புலிகள் காப்பகம். ஐயனின் பூங்காவனம் என்று அடியார்கள் போற்றும் பதினெட்டு மலைக்காடு, யானைக்கும் கடமானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வீடு. உப்பும் இனிப்பும் ஒட்டிய உறைகளை மோப்பம் பிடித்து வரும் மான், உறையோடு சேர்த்தே விழுங்கிவிடும். விழுங்கியது செரிக்காது, வெளியேறவும் செய்யாது. குடல் அடைபட்டு, வயிறு நிறைந்திருக்கையிலேயே அது பட்டினியால் மடியும். புலிவாகனன் என்று ஐயனைப் பாடிக்கொண்டு செல்லும் வழியில் இது நேர்வதை எண்ணினால் நெஞ்சு கனக்கத்தான் செய்கின்றது.

ஆயினும், கையிலிருக்கும் நீரைப் பறித்துவிட்டு, மாற்று நீர் தராத தடை இரக்கமற்ற தடையாகும். நோன்பிருந்து மெலிந்த உடம்பு. முந்தின இரவு உறக்கமில்லாத பயணம். எதிரே நீலிமலையின் செங்குத்தான ஏற்றம். இந்நிலையில் உடலில் நீர் வற்றினால் முதியவர்க்கு மயக்கம் வரும். இதய நோயுள்ளவர்க்கு அதைவிடப் பெரிய தீங்கும் நேரக்கூடும். நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையங்களும், வழிநெடுக உயிர்வளி தரும் அவசர மருத்துவ நிலையங்களும் அமைக்கப்பட்டிருப்பது இதனாலேயே. அந்நிலையங்களில் ஊசிக்குழலும், நரம்பில் ஏற்றும் நீர்ப்பையும், முகமூடியும் நெகிழியால் ஆனவைதாம். ஒருமுறை பயன்படுத்தி அகற்ற வேண்டியவைதாம். அவற்றைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. இன்சுலின் எடுத்துக்கொள்ளும் அடியவர், ‘மலையில் பிளாஸ்டிக் கூடாதாமே’ என்று மருந்தை வீட்டில் வைத்துவிட்டு வருவதும் பக்தியாகாது. மருந்தைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்; ஊசியையும் காலி அட்டையையும் மறவாமல் ஊருக்கே திருப்பிக் கொண்டுபோகட்டும்.

இனி, காவலர் சொன்ன அந்தச் சுக்கு வெள்ளத்தைப் பற்றி. சுக்கு, பதிமுகம், இராமச்சம் என்னும் மூன்றையும் இட்டுக் காய்ச்சுவது அது. இராமச்சம் என்று கேரளத்தார் சொல்வது தமிழ்நாட்டு வெட்டிவேர். பதிமுகம் ஒரு மரத்தின் வைரக் கட்டை. அதன் சீவல்தான் நீருக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகின்றது. கேரளத்து உணவகங்களில் முதன்முதலாக அமரும் தமிழர், தம்ளரில் சிவந்த வெந்நீரைக் கண்டு ‘இது என்ன?’ என்று திகைப்பது வழக்கம். அதே நீர்தான் மலைவழியெங்கும் ஐயனின் அடியார்க்குத் தேவஸ்வம் வாரியத்தால் வழங்கப்படுகின்றது. சரங்குத்தியில் இதற்கெனக் கொதிகலன் நிலையமே உண்டு. கேரள நீர் ஆணையம் வைத்துள்ள சுத்திகரித்த குடிநீர்க் குழாய்களும் பாதையோரத்தில் இருக்கின்றன.

சுக்கும் வெட்டிவேரும் நீரைத் தூய்மையாக்குகின்றன என்று சிலர் எண்ணுவதுண்டு. அவை சுவையும் மணமும் செரிமானமும் தரலாம். கிருமியைக் கொல்வது நெருப்பு. நீர் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்துவிட்டால் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் காமாலையும் தரும் கிருமிகள் அதில் உயிர்வாழா. பொங்கல் பானையின் கொதியைக் கண்ணால் அளந்து பழகிய தாய்மார்க்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. நிறம் சிவந்திருப்பது மட்டுமே நீர் நன்றாகக் கொதித்தது என்பதற்குச் சான்றாகாது.

காய்ச்சிய நீரையும் கெடுத்துவிடக் கூடியது ஒன்று உண்டு. அது பாத்திரம். நூறு பேர் வாய் வைத்த தம்ளரை ஒரே வாளியில் முக்கி எடுத்துக் கொடுத்தால், கொதிக்க வைத்ததன் பயன் அங்கேயே போயிற்று. அந்த இக்கட்டு மிகக் கூர்மையாகத் தெரிந்தது 2020ஆம் ஆண்டில். கொரோனா பெருந்தொற்றால் அப்பருவத்தின் தொடக்கத்தில் வார நாட்களில் நாளொன்றுக்கு 1,000 பேர் மட்டுமே மலையேற அனுமதி பெற்றனர். பம்பையில் நீராடவும் தடை இருந்தது. ஊரெங்கும், ‘ஒருமுறை பயன்படுத்தி எறிவதே பாதுகாப்பு’ என்ற எண்ணம் வலுத்து, கைவிட்டிருந்த நெகிழிப் பொருளெல்லாம் மீண்டும் உள்ளே வந்த காலம் அது. அந்த ஆண்டில்தான் பம்பையில் ஆளுக்கொரு எவர்சில்வர் குப்பியில் சுக்கு நீர் நிரப்பித் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. முன்பணம் கட்டிக் குப்பியைப் பெற வேண்டும். இறங்கி வந்து திருப்பித் தந்தால் பணம் கைக்கு வரும். ஒருவர் வாய்பட்டது இன்னொருவர் வாய்க்குப் போகாது. காட்டிலும் ஒன்றும் விழாது. நோய்க்கு அஞ்சிய ஆண்டிலேயே இரண்டு கவலைக்கும் சேர்த்து ஒரு வழி கிடைத்தது. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் முன்பணம் 100 ரூபாய்.

தஞ்சைத் தம்பதியர் ஒரு முடிவுக்கு வருகின்றனர். முத்திரைக் குப்பியை அங்கேயே திறந்து, இருவரும் பாதி பாதியாகக் குடித்து முடித்து, காலிக் குப்பியைத் தொட்டியில் இடுகின்றனர். எவர்சில்வர் குப்பியில் ஆவி பறக்கும் சுக்கு நீரை வாங்கியதும் அம்மையார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். சூடு கையைச் சுடுகிறதா என்று வெளிப்புறத்தைத் தொட்டும் பார்க்கிறார். பிறகே புறப்படுகிறார்.

முதியோர்க்கு நீலிமலையைவிடச் சுவாமி ஐயப்பன் சாலை நல்லது. ஏற்றம் சற்றுத் தணிந்தது. மரக்கூட்டம் வரை மூச்சை அடக்கி நடக்கலாம். எனினும் மரபை விட மனமின்றி நீலிமலை வழியையே பற்றுவோர் இருக்கின்றனர். அவர்கள் பத்தடிக்கு ஒருமுறை நின்று, ‘ஏத்திவிடப்பா, தூக்கிவிடப்பா’ என்று வேண்டி, ஒரு மிடறு நீர் பருகி, மீண்டும் ஏறுவர். அப்பாச்சிமேட்டில் அரிசிமாவு உருண்டையைக் கன்னிசாமிகள் பள்ளத்தில் வீசுகின்றனர். குழாயடிகளில் நெரிசல். அங்கே ஒரு குறையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை: அவசரத்தில் சிலர் தம் குப்பியின் வாயைக் குழாயின் வாயோடு ஒட்டிப் பிடிக்கின்றனர், அதே குழாயடியில் சிலர் முகமும் காலும் கழுவுகின்றனர். குழாய் மூக்கைத் தொடாமல் ஓரங்குலம் விலக்கிப் பிடித்தால் பின்னால் வருபவர்க்கு நலம்.

மலைவழியில் விளக்குமாறும் சாக்குமாகக் குனிந்து நிற்போரைப் பலரும் காணாதவர்போல் கடந்து செல்கின்றனர். விசுத்தி சேனை என்னும் துப்புரவுப் படையினர் அவர்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர். தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்து, மண்டலம் முதல் மகரவிளக்கு வரை மலையிலேயே தங்குபவர்கள். யாத்திரிகர் காலடியில் மிதிபட்ட ரோஜா நீர்க் குப்பி, கற்பூர உறை, ஊதுவத்திப் பை யாவும் அவர்கள் கையால்தான் எடுக்கப்பட வேண்டும். 2011ஆம் ஆண்டு காவல்துறை அதிகாரி பி. விஜயன் முன்னின்று தொடங்கிய ‘புண்ணியம் பூங்காவனம்’ பணியில், அடியார்களும் அதிகாரிகளும் கூடவே குனிந்து குப்பை பொறுக்கினர். தம் கையால் ஒருநாள் பொறுக்கியவர் மறுமுறை எறியத் துணிவதில்லை என்பது அதில் கலந்துகொண்டோரிடம் கேட்டால் தெரியும்.

அந்தக் குப்பையில் பெரும்பங்கு வேறெங்கிருந்தும் வரவில்லை, இருமுடிக்குள்ளிருந்தே வருகின்றது. கடையில் ‘இருமுடி சாமான்’ என்று கேட்டால், மஞ்சள், குங்குமம், சந்தனம், கற்பூரம், பன்னீர் என ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நெகிழிப் பொட்டலமாகத் தருகின்றனர். 2024ஆம் ஆண்டில் தந்திரியின் அறிவுரையை ஏற்றுத் தேவஸ்வம் வாரியம் ஒரு வேண்டுகோள் விடுத்தது: முன்முடியில் பச்சரிசி, நெய்த்தேங்காய், வெல்லம், கதலிப்பழம், வெற்றிலை, பாக்கு, காணிக்கைக் காசு, பின்முடியில் சிறிது அரிசி. இவை போதும், கற்பூரமும் ஊதுவத்தியும் பன்னீரும் வேண்டா.

இவற்றுள் நெய்த்தேங்காயை ஒரு கணம் எண்ணிப் பார்க்கத் தகும். நாரை மழுங்கச் சீவி, ஒரு கண்ணைத் துளைத்து, இளநீரை வடித்து, உலர்ந்த உட்குழியில் உருக்கிய பசுநெய்யை வார்த்து, தக்கை வைத்து அரக்கால் அடைக்கின்றனர். தூசி புகாது, எறும்பு புகாது, பேருந்திலும் நடையிலும் ஒரு சொட்டும் சிந்தாது. சந்நிதானத்தில் உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குத் தந்தபின், ஓட்டின் ஒரு மூடியை ஆழியில் இடுகின்றனர். தேங்காய் உடல், நெய் உயிர் என்பது குருசாமிமார் சொல்லும் பொருள். அதே ஆழியில் நெகிழி உறையோடு எதையேனும் எறிந்தால் எழும் நச்சுப்புகை, பக்கத்தில் நிற்கும் ஆஸ்துமாக்காரரின் மூச்சைத்தான் முதலில் பிடிக்கும்.

முத்திரை என்பதன் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு. சந்நிதானத்தின் அரவணைப் பாயசம் தகர டப்பாவில் அடைத்தே விற்கப்படுகின்றது. பல நாள் கெடாமல் வீடு வந்து சேர்கின்றது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில், சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக எழுந்த வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் அரவணை விற்பனையை நிறுத்தியது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் மலைமேல் தேங்கின. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. அதற்குள் பாயசம் பழையதாகி, டப்பாக்களை அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து வருவதைத்தான் மூடி தடுக்கும். உள்ளே இட்டது நல்லதா என்பதை அது சொல்லாது. கடைத் தண்ணீர்க் குப்பிக்கும் இது பொருந்தும். அடைத்த குடிநீரை மிகுந்த கண்காணிப்புக்குரிய உணவுப்பொருள் வகையில் 2024ஆம் ஆண்டு நவம்பரில் நடுவண் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சேர்த்தது.

சரங்குத்தி ஆலமரத்தடியில் கன்னிசாமிகள் சரக்கோல் குத்துகின்றனர். அங்கே சற்று அமர்ந்த அம்மையார், குப்பியை மீண்டும் நிரப்பிவரக் கணவரை அனுப்பாமல் தாமே எழுந்து செல்கிறார். நீர் சூடாகவே வருகின்றது. ஊற்றித் தருபவரிடம் “எங்கே காய்ச்சுறீங்க, சாமி?” என்று கேட்டு, அவர் கைகாட்டிய திசையைப் பார்த்துத் தலையசைக்கிறார். பின் நடைப்பந்தல், நீண்ட காத்திருப்பு, பதினெட்டாம்படி, கண் நிறையத் தரிசனம். நெய்யபிஷேகம் முடிந்து, மாளிகைப்புறத்தம்மன் சந்நிதியில் மஞ்சள் தூவி, தேங்காய் உருட்டி, மாலை வெயில் சாயுமுன் இருவரும் மலையிறங்குகின்றனர்.

பம்பையில் குப்பியைத் திருப்பித் தந்ததும் நூறு ரூபாய்த் தாள் கைக்கு வருகின்றது. அதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே அம்மையார் சொல்கிறார்: “நம்ம வீட்டுப் பரண்மேல மாமியார் காலத்துக் கூஜா கிடக்கே, சாமி.”

“அது மூடி இறுகாதே. மரை தேய்ஞ்சு போச்சே.”

“கும்பகோணத்துல பாத்திரக் கடையில கொடுத்தா மரை வெட்டித் தர மாட்டாங்களா?”

நிலக்கல் பேருந்து வந்து நிற்கின்றது. குருசாமி ஏறி இடம் பிடித்து, கைகொடுத்து அவரை ஏற்றிவிடுகிறார். வண்டி வளைவில் திரும்பும் வரை பேச்சு அந்தக் கூஜாவைப் பற்றியே நடக்கின்றது: அது எத்தனை படி பிடிக்கும், மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு இராமேசுவரம் போனது எந்த ஆண்டு என்று.